பீரங்கிக்கு ஒரு தோள் வார்

கடலூர் மாவட்டம் முழுக்கச் சலித்துப் பார்த்தாலும், ஒரு துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொள்ள வார் தேடி ஐந்து மாதம் அலைந்த மனிதர் ஒரே ஒருவர்தான் தேறுவார். அவர் எங்கள் பீரங்கி. அதே ஐந்து மாதத்தில் எங்கள் கிளையில் வேலை பார்க்கும் பெண் ஒருத்திக்கு மாப்பிள்ளை பார்த்து, நிச்சயம் செய்து, கல்யாணமும் முடிந்து, அவள் தேனிலவுப் படங்களை எல்லோருக்கும் காட்டியும் முடித்துவிட்டாள். பீரங்கி அப்போதும் வாருக்குக் கொக்கி ஒன்றா இரண்டா என்ற ஆராய்ச்சியில்தான் இருந்தார்.

திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் வங்கிக் கிளையின் வாசல் காவலர் அவர். வீடு சிதம்பரத்தில். தினமும் காலை ரயிலில் வந்து, கதவுக்குப் பக்கத்தில் என் கவுண்டருக்கு நேர் எதிரே நிற்பார். பட்டாளத்தில் பதினேழு வருஷம் இருந்தவர். அங்கே என்ன வேலை என்று கேட்டால், "அதெல்லாம் வெளிய சொல்லக் கூடாது சார்" என்பார். நேரில் நாங்கள் "பாய்" என்று கூப்பிடுவோம். முதுகுக்குப் பின்னால் பீரங்கி. அதற்குக் காரணம் அவருடைய தும்மல். இத்தனை வருஷத்தில் எங்கள் கிளையில் துப்பாக்கி ஒரு முறைகூட வெடித்ததில்லை. பீரங்கியின் மூக்கு வாரத்துக்கு இரண்டு முறையாவது வெடிக்கும். வெடித்தால் வரிசையில் நிற்கும் கூட்டம் கையிலிருந்து விழுந்த பாஸ்புக்கைத் தேடிக் கீழே குனியும்.

வார் விவகாரம் ஒரு சுற்றறிக்கையில் ஆரம்பித்தது. பழைய நீள் துப்பாக்கிகளை எடுத்துக்கொண்டு, குட்டையான புதுத் துப்பாக்கிகளைக் கொடுத்தார்கள். கூடவே ஒரு காகிதமும் வந்தது. வேலை நேரம் முழுக்கத் துப்பாக்கி காவலரின் உடம்போடு இருக்க வேண்டும், சுவரில் சாய்த்து வைக்கக் கூடாது, அப்படித் தாங்க முடியாத காவலர்கள் விடுவிக்கப்படுவார்கள், அதிகாரி வந்து நேரில் சோதிப்பார். துப்பாக்கியோடு வார் கொடுத்தார்களா என்றால், இல்லை. குடையைக் கொடுத்துவிட்டுக் கம்பியை நீயே வாங்கிக்கொள் என்பது எங்கள் நிர்வாகத்தின் வழக்கம்.

மற்ற காவலர்களுக்கு இது பிரச்சினையே இல்லை. கையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பீரங்கியால் முடியாது. அவருடைய இடது தோள் போய்விட்டிருந்தது. கை மார்பு உயரத்துக்கு மேல் ஏறாது. ஒரு மணி நேரம் எதையாவது தூக்கிப் பிடித்தால் விரல்கள் மரத்துப்போகும். வாடிக்கையாளர்களிடம் "எல்லையில பட்ட அடி" என்று சொல்லியிருந்தார். உண்மையில் பரங்கிப்பேட்டையில் மச்சான் வீட்டு மாமரத்திலிருந்து விழுந்தது. யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். நான் யாரிடமும் சொல்லவில்லை. உங்களிடம்தான் சொல்கிறேன்.

வயது வரம்பு வர அவருக்கு இன்னும் ஒன்றரை வருஷம் இருந்தது. கடைசி மகள் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். அவள் படிப்பு முடிகிற மாதமும் இவர் வேலை முடிகிற மாதமும் ஏறக்குறைய ஒன்றுதான். "அதுவரிக்கும் இந்த வாசல்ல நின்னுட்டா போதும் சார். அப்புறம் யார் கேட்டாலும் கைய தூக்கிக் காட்டிடறேன்" என்றார். ஆக, அந்தக் குடும்பத்தின் பதினெட்டு மாதமும் ஒரு வாரில் தொங்கிக்கொண்டிருந்தது. இது தெரிந்தும் நான் அவரைக் கிண்டல் செய்தேன். எனக்கு அப்போது கவுண்டரில் பொழுது போகவில்லை.

முதலில் பழைய துப்பாக்கியின் வாரையே மாட்டிப் பார்த்தார். அது ஆளுயரத் துப்பாக்கிக்குத் தைத்தது. குட்டைத் துப்பாக்கி அதில் முழங்காலுக்குக் கீழே தொங்கியது. அவர் நடந்தபோது அது தண்ணீர் கேனைத் தட்டியது. திரும்பியபோது நகைக்கடனுக்கு வந்த ஓர் அம்மாவின் முழங்காலைத் தட்டியது. துப்பாக்கிக்குள் தோட்டா இருக்காது, அது தனியாக அவர் இடுப்புப் பையில்தான் இருக்கும். ஆனால் அந்த அம்மாவுக்கு அது எப்படித் தெரியும்? வைத்த நகையைத் திருப்பிக் கேட்டார்.

அடுத்தது என் லேப்டாப் பையின் வார். "ரெண்டு நாள் குடுங்க சார், ஒரு டெஸ்ட்டு" என்று வாங்கிப் போனார். டெஸ்ட் இரண்டு மணி நேரத்தில் முடிந்தது. பிளாஸ்டிக் கொக்கி படாரென்று உடைந்து, துப்பாக்கி அவருடைய பூட்ஸ் மேலேயே விழுந்தது. பீரங்கி வலியில் முகம் சுளித்தபடி, "தெரிஞ்சுகிட்டேன் சார். பிளாஸ்டிக் ஆகாது" என்றார். என் பை இன்றுவரை வார் இல்லாமல் கக்கத்தில்தான் பயணம் செய்கிறது.

பிறகு யூடியூப் பார்க்க ஆரம்பித்தார். அங்கேதான் ஒற்றைக் கொக்கி, இரட்டைக் கொக்கி என்ற பெரிய தத்துவம் அவருக்குக் கிடைத்தது. தாடி வைத்த வெள்ளைக்காரர் ஒருவர் காட்டுக்குள் நின்றுகொண்டு, துப்பாக்கியின் பின்பக்கம் மட்டும் ஒரே கொக்கியில் வாரை மாட்டிக் காட்டினாராம். சட்டென்று கையில் எடுக்க வசதி என்றாராம். பீரங்கி கடலூர் ஓல்டு டவுன் பக்கம் பழைய கார் உடைக்கிற இடத்தில் ஒரு சீட் பெல்ட்டை வெட்டி வாங்கிவந்து, அதே மாதிரி ஒற்றைக் கொக்கியில் மாட்டினார். நிற்கும்வரை நன்றாகத்தான் இருந்தது. மேனேஜர் கூப்பிட்டதும் வேகமாக நடந்தார். ஒற்றைக் கொக்கியில் தொங்கியது கோயில் மணி நாக்கு போல முன்னும் பின்னும் ஆடி, எங்கே படக் கூடாதோ அங்கே மிகச் சரியாகப் பட்டது. மேனேஜர் அறைக்குள் அவர் போய்ச் சேரக் கால்மணி நேரமானது.

"வெள்ளக்காரன் இத சொல்லவேல்லியே சார்" என்றார்.

"அவரு நடந்து காட்டினாரா பாய்?"

கொஞ்சம் யோசித்தார். "இல்ல சார். நின்னுகிட்டேதான் பேசுனான்."

அன்றோடு இரட்டைக் கொக்கி என்று தீர்மானமானது. முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று. வார் வலது தோளில் ஏறி, முதுகைக் குறுக்கே கடந்து, இடது கைக்குக் கீழே வந்து சேர வேண்டும். துப்பாக்கி வயிற்றின் மேல் சாய்வாகப் படுத்திருக்க வேண்டும். வாய் தரையைப் பார்க்க வேண்டும், வாடிக்கையாளரைப் பார்க்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, வாருக்கும் நெஞ்சுக்கும் நடுவில் இரண்டு விரல் நுழைய வேண்டும். ஒரு விரல் என்றால் மூச்சு முட்டும், மூன்று விரல் என்றால் துப்பாக்கி ஆடும். "ரெண்டு வெரலு சார். அதான் கணக்கு" என்று என் முகத்துக்கு நேரே இரண்டு விரலை நீட்டுவார். நீளத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு பக்கிள் வைத்துக்கொள்ளுங்களேன் என்றேன். என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "பக்கிள் வெக்கிறவன் அளவு தெரியாதவன் சார்."

இந்த வாக்கியத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நல்ல தோல் வார் தைக்க சிதம்பரத்தில் ஆளைப் பிடித்தார். நாட்டியப் பெண்களுக்குச் சலங்கை தைத்துக் கொடுப்பவர். ஆனால் துப்பாக்கி கிளையை விட்டு வெளியே போகக் கூடாது, சலங்கைக்காரரோ கடையை விட்டு வெளியே வர மாட்டார். என் போன்றவன் என்றால் இரண்டு கொக்கிக்கும் நடுவில் ஒரு நூலைப் பிடித்து அளந்து கொண்டுபோயிருப்பேன். பீரங்கி, தச்சரிடம் சொல்லி அதே அளவில் மரத்தில் ஒரு துப்பாக்கி செய்துவிட்டார். கொக்கி முதல் விசை வரை அச்சு அசல். அதோடு விட்டிருக்கலாம். கறுப்பு பெயிண்ட் வேறு அடித்தார்.

ஒரு நாள் விடுப்பு போட்டுவிட்டு, அதைத் துண்டில் சுற்றிக்கொண்டு சிதம்பரம் பஸ் ஸ்டாண்டு பக்கமாக நடந்திருக்கிறார். துண்டு குட்டை. போலீஸ்காரர் ஒருவர் நிறுத்தினார்.

"என்னா பெரியவரே துண்டுக்குள்ள?"

"துப்பாக்கிங்க" என்றார் பீரங்கி, பெருமையோடு.

அடுத்த பத்து நிமிஷத்தில் எங்கள் மேனேஜருக்கு ஃபோன் வந்தது. உங்கள் காவலர் துப்பாக்கியோடு பிடிபட்டிருக்கிறார் என்றார்கள். மேனேஜர் ஸ்ட்ராங் ரூமுக்கு ஓடினார், திரும்பி ஓடிவந்தார். "எங்க துப்பாக்கி எங்ககிட்டதான் சார் இருக்கு!"

"அப்போ இவரு கையில இருக்குறது யாருது?"

மேனேஜர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, ஒரு மேனேஜர் மட்டுமே சொல்லக்கூடிய பதிலைச் சொன்னார். "அது எங்க கிளை சொத்துப் பட்டியல்ல வராதுங்க சார்."

கடைசியில் போலீஸ் ஸ்டேஷனில் இருந்த ஒருவர் நகத்தால் சுரண்டிப் பார்த்திருக்கிறார். பெயிண்ட் உதிர்ந்து பூவரசு தெரிந்தது. எச்சரித்து அனுப்பினார்கள், ஒரு நிபந்தனையோடு. அதன்படி, துப்பாக்கியின் இரண்டு பக்கமும் வெள்ளைப் பெயிண்டில் 'மரம்' என்று பெரிதாக எழுதப்பட்டது. ஆட்டோவுக்குப் பின்னால் ஆட்டோ என்று எழுதியதுபோல அதைத் தூக்கிக்கொண்டு ஒருவழியாகச் சலங்கைக்காரரிடம் போய்ச் சேர்ந்தார்.

சலங்கைக்காரருக்கு அப்போது தலைக்கு மேல் வேலை. சிவராத்திரி நெருங்கிக்கொண்டிருந்தது. கோயிலில் ஆட வரும் பெண்களின் சலங்கைகள் மலையாகக் குவிந்து கிடந்தன. நிமிர்ந்து பார்க்காமலே கேட்டாராம், "எத்தினி வரிசை மணி?"

"மணி வேணாங்க."

"மணி இல்லாம எப்பிடி? ஆடும்போது சத்தம் வர வேணாமா?"

"ஆடக் கூடாதுன்னுதாங்க வாரே கேக்குறேன்."

வார் வந்தது. அளவு சுத்தம். கொக்கி சுத்தம். மரத் துப்பாக்கியோடு மாட்டினால் இரண்டு விரல் கச்சிதமாக நுழைந்தது. மறுநாள் நிஜத் துப்பாக்கியை மாட்டினார். மூன்று கிலோவுக்கு மேல் எடை. அது இழுத்த இழுப்பில் தோல் நீண்டு, துப்பாக்கி தொடைக்கு இறங்கிவிட்டது. இரண்டு விரல் நுழைய வேண்டிய இடத்தில் ஒரு பூசணிக்காய் நுழையும். கடலூரிலிருந்து சிதம்பரம் வரை எல்லா அளவையும் எடுத்தவர்கள், மரம் கனக்காது என்பதை மட்டும் மறந்துவிட்டார்கள்.

நான் ஒரு வாரம் சிரித்தேன். பீரங்கி அசரவில்லை. துறைமுகம் பக்கம் போய், வலையில் கட்டுகிற ஈயக்குண்டுகளை வாங்கி மரத் துப்பாக்கியைச் சுற்றிக் கட்டினார். எடை சரியாக இருக்கிறதா என்று மீன் கடைத் தராசில் வைத்தார். மீன்கார அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "மரம்னு எழுதியிருக்குது. வஞ்சிரம் கேள்விப்பட்டிருக்கேன், இது என்னா மீனு பாய்?" என்றாராம்.

இதற்குள் நோன்பு மாதம் வந்துவிட்டது. பீரங்கி ஒரு நோன்பையும் விட மாட்டார். காலையிலிருந்து ஒரு வாய்த் தண்ணீர் இல்லாமல் வாசலில் நிற்பார், சாயங்காலம் ரயிலில் பேரீச்சம்பழத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நேரம் பார்ப்பார். மூன்றாவது வாரத்தில் கன்னம் ஒட்டி, சட்டை தொளதொளவென்று ஆகியிருந்தது. சலங்கைக்காரருக்கும் அப்போதுதான் கை ஓய்ந்திருந்தது. ஈயத் துப்பாக்கியை மாட்டி, இரட்டைத் தோலாக, நீளாதபடி தைத்து, ஆணி அடித்து இறுக்கிக் கொடுத்துவிட்டார். பக்கிள் கிடையாது.

அதை மாட்டிக்கொண்டு வந்து நின்ற அன்று, என்னால்கூடக் கிண்டல் செய்ய முடியவில்லை. துப்பாக்கி அவர் உடம்பிலேயே முளைத்தது போலப் படுத்திருந்தது. நடந்தார், ஆடவில்லை. குனிந்தார், ஆடவில்லை. இடது முழங்கையை லேசாக மடக்கி, தலை குனிந்து, தானாகவே கழற்றியும் மாட்டியும் காட்டினார். "வெரல விடுங்க சார்" என்றார். விட்டேன். இரண்டு விரல், அளந்து வைத்தது போல நுழைந்தது.

பிறகு பெருநாள் வந்தது.

பெருநாளுக்கு ஐந்து நாள் லீவு. முதல் நாள் சொந்த வீடு, அப்புறம் பரங்கிப்பேட்டை மச்சான் வீடு, அப்புறம் மச்சானுடைய மச்சான் வீடு. எனக்கும் ஒரு தூக்கு பிரியாணி வந்தது. அதனால் இந்தக் குற்றத்தில் எனக்கும் பங்குண்டு. ஆறாம் நாள் பீரங்கி முழுநிலவாக வந்து இறங்கினார். மேனேஜர் மேஜை மேல் கடிதம் காத்திருந்தது. சோதனை அதிகாரி மறுநாள் வருகிறார்.

வாரை எடுத்து மாட்டினார். தலை நுழைந்தது. வலது தோளில் உட்கார்ந்தது. இடது கை உள்ளே போகவில்லை. முழங்கையை மடக்கினால் போதாது, கையை மேலே தூக்கி நுழைக்க வேண்டியிருந்தது. தூக்கத்தான் முடியாதே.

"என்னா பாய் இது, அஞ்சு நாள்ல?"

"மச்சான் வூட்டுல விடல சார்." முகம் வெளுத்திருந்தது. "வூட்டுக்காரிக்கு ஃபோன் போட்டுக் கேட்டேன். பெருநாளுக்கு அப்புறம் ஆறு நோன்பு இருக்குல்ல, அத வெச்சிட்டா சரியாப் போயிடும்கிறா. அதிகாரி ஆறு நாள் பொறுப்பாரா சார்?"

"நாளைக்கு மட்டும் வேற வார் போட்டுக்கலாமே?"

"எது, ஒங்க லேப்டாப் வாரா?"



மறுநாள் காலை ஒன்பதரை மணிக்கு நான் அவருடைய இடது கையைப் பிடித்து, தலையணைக்கு உறை போடுவது போல வாருக்குள் திணித்தேன். அவர் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு சத்தம் போடாமல் நின்றார். மாட்டி முடித்தபோது, வாருக்கும் நெஞ்சுக்கும் நடுவில் விரல் என்ன, பாஸ்புக் தாள்கூட நுழையாது.

அதிகாரி வந்தார். வெட்டிய மீசை, வெட்டிய பேச்சு, கையில் எட்டு அம்சப் பட்டியல். முதல் ஆறு அம்சம் சுலபமாகப் போனது. ஏழாவது, ஆயுதத்தைப் பிறர் பறிக்க முடியுமா என்பது. "நான்தான் திருடன்" என்று சொல்லிவிட்டு, அவரே துப்பாக்கியைப் பிடித்து இழுத்தார். துப்பாக்கி வந்தது, கூடவே பீரங்கியும் வந்தார். மறுபடி இழுத்தார். இருவரும் நகைக்கடன் கவுண்டர்வரை போய்த் திரும்பினார்கள். மூன்றாவது முறை அதிகாரிக்கு மூச்சு வாங்கியது. "எக்ஸலண்ட்" என்று எழுதிக்கொண்டார்.

எட்டாவது அம்சம், வாரைக் கழற்றித் துப்பாக்கியை ஒப்படைத்துக் காட்டுவது. அதை எட்டி நான் படித்துவிட்டேன். பீரங்கியும் படித்துவிட்டார் என்பது அவர் முகத்தில் தெரிந்தது. அந்த முகம் மெதுவாகச் சிவந்தது. மூக்கு விடைத்தது. ஒரு மணி நேரமாக வார் நெஞ்சை நெரித்ததில், அடக்கி வைத்த எல்லாம் மேலே ஏறிக்கொண்டிருந்தது.

வெடித்தது.

பதினைந்து வருஷத்தில் அப்படி ஒரு தும்மலை நாங்கள் கேட்டதில்லை. பேனா ஸ்டாண்டு உருண்டது. மேனேஜர் அறைக் கதவு தானாகத் திறந்தது. துப்பாக்கியையே பார்த்துக்கொண்டு நின்ற அதிகாரி, அது வெடித்துவிட்டது என்று நினைத்து, முறையாகப் பயிற்சி பெற்றவர் என்பதால் முறையாகத் தரையில் விழுந்து படுத்தார். நகைக்கடன் அம்மாதான், "ஒண்ணுமில்ல சார், எழுந்திரிங்க, பாய் தும்முனாரு" என்றார்.

எழுந்தவர் முட்டியைத் தட்டிவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல், எட்டாவது அம்சத்துக்கும் சேர்த்து டிக் அடித்தார். கீழே எழுதினார்: தற்போதுள்ள வார் மிக நன்று. இதையே பயன்படுத்த வேண்டும். எந்த மாற்றமும் செய்யக் கூடாது. கையெழுத்து, முத்திரை, கார், போய்விட்டார்.

வேலை தப்பியது. துப்பாக்கி தப்பவில்லை. ஐந்தரை மணிக்கு ஸ்ட்ராங் ரூமைப் பூட்ட வேண்டும். மேனேஜர் சாவியோடு வந்து நின்றார். "பாய், துப்பாக்கி உள்ள போயாகணும். ஒங்களையும் சேத்து உள்ள வெக்க எனக்கு பவர் இல்ல."

வெட்டிவிடலாம் என்றால், மாற்றம் செய்யக் கூடாது என்று முத்திரை குத்தி வைத்திருக்கிறார்கள். நான்தான் எழுந்து போனேன். அவருடைய இடது கையை என் இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு, ஒவ்வோர் அங்குலமாக உயர்த்தினேன். அந்தக் கை எவ்வளவு கனம், அதற்குள் எவ்வளவு வலி இருந்தது என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. ஐந்து மாதமாக நான் கேலி செய்தது இந்தக் கையைத்தான். எனக்கு வெட்கமாக இருந்தது.

"வலிக்குதா பாய்?"

"எனக்கா? சேச்சே." நெற்றியில் வேர்வை கொட்டியது. "துப்பாக்கியப் பாத்து சார். கீறிடப் போவுது."

அன்று முதல் அது என் வேலையாகிவிட்டது. ஆறு நோன்பு வைத்து ஒரு விரல் மெலிந்தார், மச்சான் வீட்டுக் கல்யாணம் வந்து இரண்டு விரல் ஏறினார். வாரை மாற்றவும் வழியில்லை. காலை ஒன்பதரைக்கு மாட்டிவிடுவேன், மாலை ஐந்தரைக்குக் கழற்றிவிடுவேன். நடுவில் இருவரும் ஒருவரையொருவர் குறை சொல்லிக்கொள்வோம். "மெதுவா சார், மாட்டுக்கு மூக்கணாங்கயிறா போடுறீங்க" என்பார். "கொஞ்சம் கறியைக் குறைங்க பாய்" என்பேன். பதிமூன்று மாதம், லீவு நாள் தவிர ஒரு நாள் தவறவில்லை. அவர் ஒரு நாளும் நன்றி சொல்லவில்லை. எனக்கும் அதைக் கேட்கத் தோன்றவில்லை.

போன மாதம் அவருடைய கடைசி நாள். மகள் படிப்பை முடித்துவிட்டாள். அவருக்குப் பதிலாக வேறு ஆள் கிடையாதாம், வாசலில் ஒரு கேமரா வைக்கப்போகிறார்களாம். தும்மாத கேமரா. ஐந்தரைக்கு வழக்கம் போல எழுந்து போய் அவருடைய கையை ஏந்தினேன். கழற்றிய துப்பாக்கியை மேனேஜர் வாங்கிக்கொண்டு உள்ளே போனார். வாரை மட்டும் பீரங்கி சுருட்டித் தன் பைக்குள் வைத்தார்.

"சார், ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லுங்க பாய்."

"ஐப்பசி மழையில ஊறி இந்த வாரு எளகிப்போச்சு சார். ஆறு மாசமா நானே கழட்டலாம். தானா வருது." தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அஞ்சரையானா நீங்க டான்னு வந்து நிக்கிறீங்க. வேணாம்னு சொல்ல மனசு வரல."

நான் முகத்தை அதிர்ச்சியாக வைத்துக்கொண்டு, "அடப்பாவி பாய்" என்றேன். அவருக்குப் பெரிய சந்தோஷம். கடைசி நாளில் என்னை ஏமாற்றிவிட்ட சிரிப்போடு ரயிலுக்கு நடந்தார்.

அந்த வாருக்கும் அவர் நெஞ்சுக்கும் நடுவில் என் இரண்டு விரல் தாராளமாக நுழைவது தீபாவளிக்கு முன்பிருந்தே எனக்குத் தெரியும். நானும்தான் சொல்லவில்லை.